லீவரை விட்ட கை

எங்கள் பெரியப்பா ஜெபம் பண்ணுவதைக் கேட்டால், கட்டட சைட்டில் யாரோ ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறார் என்றுதான் தோன்றும்.

"ஆண்டவரே, முதல்ல மகளுக்கு இந்த ஊரு ஆஸ்பத்திரி வேலையை முடிச்சுக் குடுங்க. அது முடிஞ்சதும் கல்யாணம். மாப்பிள்ளை விஷயத்துல நீங்க சிரமப்பட வேண்டாம், நானே பாத்து வச்சிருக்கேன். நீங்க சரின்னா போதும்."

பக்கத்தில் கண்ணை மூடியிருக்கும் பெரியம்மாவின் உதடு துடிக்கும். ஜெபிக்கிறாரா, சிரிப்பை அடக்குகிறாரா என்று சொல்ல முடியாது. ஆமென் சொன்ன கையோடு, "இவ்வளவு வேலை வாங்குறீங்களே, அவருக்கு ஓவர்டைம் உண்டா?" என்பார்.

சொந்தக்காரர்கள் பெரியப்பாவுக்கு வைத்த பெயர் ஸ்டியரிங். விசேஷ வீட்டில் யார் எந்த வண்டியில் ஏறுவது, வீடு மாறினால் பீரோ எந்தச் சுவரோரம் நிற்பது, எல்லாம் அவர் கையில். அவர் டவர் கிரேன் ஓட்டுபவர். வானத்திலிருந்து பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் நகர்த்தும் பழக்கம் தரைக்கு வந்த பிறகும் போகவில்லை என்று அப்பா சொல்வார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சிவில் படி என்று சொன்னவர் பெரியப்பா. அவர் வேலை பார்க்கும் சைட்டிலேயே என்னைப் பயிற்சிப் பொறியாளராகச் சேர்த்து, தன் வீட்டிலேயே தங்கவைத்தவரும் அவர்தான். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போதுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய ஒரே மகள், எனக்கு அக்கா, நர்ஸ். வெளிநாட்டில், மலைகளுக்கு நடுவே, போரில் கை கால் இழந்தவர்களுக்கான ஒரு மிஷன் மருத்துவமனையில் அவளைக் கேட்டிருந்தார்கள். பெரியப்பா அந்த வாரம் முழுவதும் சோற்றில் கை வைத்தபடி அதையே பேசினார்.

"அங்க ரோடே ஒழுங்கா கிடையாதாம். பாதி நேரம் கரண்ட் இருக்காதாம்."

"நோயாளிங்க இருக்காங்கப்பா."

"இங்க இல்லியா? நம்ம தெருவுல ஒரு வீடு விடாம சுகர், பிரஷர். இவங்கள்லாம் உனக்கு மனுஷங்களா தெரியலியா?"

"ரொம்ப நாளா ஜெபிச்சுக் கேட்டுட்டு இருக்கேன்பா. ஆண்டவர் என்னை அங்க கூப்பிடறார்னு தோணுது."

"உனக்கு மட்டும் தனியா சொல்வாரா? எனக்கு ஒண்ணும் சொல்லலியே!"

"நீங்க பேசி முடிச்சாத்தானே அவர் பேச முடியும்?" என்றது சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல்.

அக்கா சிரிக்கவில்லை. "உங்களை மீறிப் போகமாட்டேன்பா. உங்க வாயால போயிட்டு வான்னு சொல்லுங்க, போறேன். இல்லேன்னா வரலைன்னு சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

பெரியப்பா எழுந்து கை கழுவப் போனார். மறுநாள் காலை சைட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் சொன்னார்: "ஞாயிறு வரைக்கும் நான் வாயைத் திறக்கலேன்னா போதும். தானா முடிஞ்சிடும்." அதைச் சொன்னபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. தூங்காதவரின் முகமாக இருந்தது.

அது வெள்ளிக்கிழமை. அன்றைய வேலை, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தோண்டியிருந்த குழிக்குள் ஒரு பெரிய ஜெனரேட்டரை இறக்குவது. கேபினில் இருப்பவருக்குக் கொக்கி மொட்டைமாடி மட்டம் வரைதான் தெரியும். அதற்குக் கீழே லோடு கட்டடத்துக்குப் பின்னால் மறைந்துவிடும்; குழியின் விளிம்பில் நிற்பவர்கள் மட்டும் இடுக்கு வழியாகப் புள்ளிபோலத் தெரிவார்கள். பிறகு வாக்கி டாக்கியில் வரும் சிக்னல்காரரின் குரல்தான் கண்.

எங்கள் சிக்னல்காரருக்குக் குயில் என்று பெயர். குரல் அப்படி, சரளைக்கல்லைத் தகரத்தில் கொட்டினால் வருமே, அப்படி. இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. சிக்னல்காரர் "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் வரும் வரைதான் லோடு நகரலாம். குரல் நின்றால், காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஓட்டுபவர் லீவரை விட்டுவிட வேண்டும். விட்டால் லீவர் தானாக நடுவுக்கு வந்துவிடும், லோடு நின்றுவிடும்.

நான் குழியின் விளிம்பில் குயிலுக்குப் பக்கத்தில் நின்றேன். "இன்ஜினியரம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க பெரியப்பா மேல இருந்து உங்களைத்தான் பாப்பார், லோடைப் பாக்கமாட்டார்" என்றார்.

"எல்லாம் கேக்குது குயிலு" என்றது வாக்கி டாக்கி.

ஜெனரேட்டர் வானத்தில் வந்தது. மாடி மட்டத்தைத் தாண்டியது. எங்கள் மேல் நிழல் விழுந்தது. "இறக்கு, இறக்கு, இறக்கு." குழிக்குள், சுவரில் மாட்டிய சாரத்தட்டில் ஒரு வெல்டர் நின்றிருந்தார். அவர் இடுப்பிலிருந்து பின்சுவரின் கொண்டிக்குப் பாதுகாப்புக் கயிறு போயிருந்தது. அந்தக் கயிற்றின் தொங்கல், இறங்கிவந்த ஜெனரேட்டரின் அடி மூலையில் மாட்டியது. நான் வாயைத் திறப்பதற்குள் குயில் பார்த்துவிட்டார். வாக்கி டாக்கிப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "டேய், கயிறு! கயிறைப் பாரு!" என்று குழிக்குள் கத்தினார்.

மேலே குரல் நின்றுபோனது.

லோடு நிற்கவில்லை. ஒரு முழம் இறங்கியது. கயிறு மூலைக்கு அடியில் சுற்றிக்கொண்டு விறைத்தது. வெல்டர் முழங்காலில் விழுந்து தட்டின் விளிம்புக்கு இழுபட்டார்.

"நிறுத்து!"

நின்றது. அந்த ஒரு முழம் யாரும் சொல்லாமல் இறங்கியது. பெரியப்பாவுக்குக் குழியின் ஆழம் தெரியும், கம்பியில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். குயிலுக்கு இருமல் வந்திருக்கும், நாமே கொஞ்சம் இறக்கிவிடலாம் என்று நினைத்துவிட்டார். அனுபவம் உள்ளவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது.

"அண்ணே" என்றார் குயில், மிக மெதுவாக. "ஆள் மாட்டியிருக்கு. இனிமே நான் சொல்றது மட்டும்."

மேலிருந்து மூச்சு மட்டும் கேட்டது.

"வலப்பக்கம் அண்ணே. மெதுவா."

"குயிலு, அந்தப் பக்கம் சுவர் இருக்கு."

"தெரியும்ணே."

"லோடை முதல்ல மேல தூக்கிடறேனே?"

மேலே தூக்கினால் கயிறு இன்னும் இறுகும். வெல்டரும் சேர்ந்து தூக்கப்படுவார். கயிறு கட்டியிருக்கும் அந்தச் சுவர்ப் பக்கம் போனால்தான் அது தளரும். கீழே நிற்கும் எனக்கு இது பட்டப்பகல் வெளிச்சமாகத் தெரிகிறது. மேலே இருப்பவருக்கோ, தூக்குவதுதான் புத்தி, சுவரை நோக்கித் தள்ளுவது பைத்தியக்காரத்தனம்.

"தூக்காதீங்க. சுவர்ப் பக்கம் வாங்க" என்றார் குயில்.

அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எங்கோ இரும்பு தட்டும் சத்தம்கூட நின்றிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு உயரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மனிதர். அவருக்கு எதுவுமே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் தவறாக இருந்தது. அவருக்கும் அந்த வெல்டருக்கும் நடுவே ஒரு கரகரத்த குரலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

பிறகு லோடு நகர்ந்தது. சுவரை நோக்கி.

அத்தனை டன் இரும்பு, தூங்கும் குழந்தையைக் கட்டில் மாற்றுவதுபோல நகர்ந்தது. குயில் "வா, வா, வா" என்றார்; வந்தது. "போதும்" என்றார், நின்றது. சுவருக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான். கயிறு தளர்ந்து விழுந்தது. வெல்டர் அதை விடுவித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது குயில் சொல்லித்தான் தெரிந்தது. பயத்தினால் வந்த அழுகை இல்லை. கோயிலில்கூட எனக்கு அப்படித் தலை குனிந்ததில்லை.

ஜெனரேட்டர் தரையில் உட்கார்ந்ததும் பெரியப்பா ஏணி வழியாக இறங்கி வந்தார். நேராக வெல்டரிடம் போனார். வெல்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "எனக்குக் காத்து வாங்கப் பிடிக்கும்தான் அண்ணே, அதுக்காகக் கொக்கியிலா தொங்கவிடுவீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. இடுப்பில் கயிறு பதிந்த தடத்தைப் பார்த்தார். அப்புறம் குழியின் விளிம்புக்கு வந்து, பின்சுவரையும் கொண்டியையும் வெகுநேரம் பார்த்தபடி நின்றார்.

"நான் தூக்கியிருப்பேன், குயிலு."

"தூக்கலியே அண்ணே."

சைட் மேலாளரிடம் அவரே போய்ச் சொன்னார், குரல் நின்ற பிறகும் நான்தான் இறக்கினேன் என்று. விசாரணை முடியும் வரை மேலே ஏற வேண்டாம் என்று மேலாளர் சொன்னார். பெரியப்பா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் சண்டைக்காரி மாதிரி கேட்டேன். "குயில் அண்ணன் மனுஷன்தானே பெரியப்பா? அவர் சொன்னது தப்பா இருந்திருந்தா?"

"இருந்திருக்கலாம்" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா அவன் கீழ நிக்கிறான். நான் நிக்கல" என்றார். மறுபடி கொஞ்ச தூரம். "என் மகளை நான் எங்க இருந்து பாத்துட்டு இருக்கேன்னு யோசிக்கிறேன்."

அன்று மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். பெரியப்பா கண்ணை மூடினார். "ஆண்டவரே" என்றார். அவ்வளவுதான். அடுத்த வரி வரவில்லை. பெரியம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "என்ன, லைன் கட்டாயிடுச்சா?"

பெரியப்பாவின் இரண்டு கைகளும் முழங்காலின் மேல் இருந்தன, உள்ளங்கை மேலே பார்த்தபடி. எதையும் பிடிக்காத கைகள். அவர் கைகளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, தெருவில் ஒரு வண்டி போனது. அந்த மௌனத்தில் யாரோ வந்து எங்களோடு உட்கார்ந்ததுபோல இருந்தது. எனக்கு எதையும் எளிதில் நம்ப வராது. அன்றைக்கு அந்த அறையில் கண்ணைத் திறக்கத் துணிவு வரவில்லை.

கடைசியில் அவர் சொன்னார். "எனக்கு அங்க ஒண்ணும் தெரியல ஆண்டவரே. உமக்குத் தெரியுது. அவ உம்முடைய பிள்ளை. உம்முடைய சித்தம்."

ஆமென்கூட அக்காதான் சொன்னாள். பெரியப்பா அவள் பக்கம் திரும்பினார். முகம் நனைந்திருந்தது.

"போயிட்டு வாம்மா."

அக்கா அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து அவர் தொண்டையைச் செருமினார். "பெரிய பெட்டியா ஒண்ணு வாங்கணும். நாலு சக்கரம் இருக்கிறதா, கறுப்புக் கலர்ல, பூட்டு வந்து..." நிறுத்திவிட்டார். "உனக்கு எது பிடிக்குதோ, அதை வாங்கிக்க."

"ஸ்டியரிங் கழண்டு போச்சு" என்றார் பெரியம்மா, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்கா போய்விட்டாள். மலையில் மழை பிடித்துக்கொண்டால் நாள் கணக்கில் அவளிடமிருந்து செய்தி வராது. அப்படி ஒரு வாரத்தில்தான், விசாரணை முடிந்து பெரியப்பாவை மறுபடி கிரேனில் ஏற்றினார்கள். அன்றும் கண்ணுக்கு மறைந்த இறக்கம். ஏணியில் கால் வைத்தவரிடம் கேட்டேன்.

"பயமா இல்லையா பெரியப்பா?"

எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "பயம்தான். ராத்திரியெல்லாம் கை தானா லீவருக்குப் போகுது. எடுத்து எடுத்து வைக்கிறேன்."

ஏறிப் போனார். லோடு மாடி மட்டத்தைத் தாண்டி இறங்கியது. பாதியில் குயிலுக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. குனிந்து இருமினார், கண்ணில் நீர் வர இருமினார். லோடு அந்தரத்தில் அசையாமல் நின்றது. நான் அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் உருவம் சின்னதாகத் தெரிந்தது. கைகள் தெரியவில்லை. முழங்காலின் மேல் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் எந்தக் குரலுக்காக நிற்கிறேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று, குயில் மூச்சை இழுத்துப் பிடித்துப் பொத்தானை அழுத்தும் வரை, நானும் என் இரண்டு கைகளையும் விரித்துத் தொங்கவிட்டபடி நின்றேன்.

"இறக்கு" என்றது குரல். வானத்திலிருந்து லோடு இறங்கத் தொடங்கியது.