காதுக்குச் சும்மாடு

வீரலட்சுமிக்குக் காது கூர்மை என்பது கோவில்பட்டியில் இருந்தவரை யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. ஓசூருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கணவன் கருப்பசாமிக்கு சிப்காட்டில் பல்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம் அவளும் பக்கத்திலேயே டேப் ரெக்கார்டர் செய்யும் சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். முதலில் ஈயப்பற்று வைக்கும் வேலை. ஒருநாள் சாப்பாட்டுக்குப் போகிற வழியில், தயாராகி மேசைமேல் பாடிக்கொண்டிருந்த ஒரு செட்டின் முன்னால் நின்றுவிட்டாள்.

"சார், இந்தப் பெட்டியில பாட்டு லேசா இழுக்கு."

இன்ஜினியர் கோவிந்தன் பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், கம்பெனியில் தமிழ் என்று மூன்றையும் கலந்து வாழ்கிறவர். அவருக்கு எந்த இழுவையும் கேட்கவில்லை. ஆனாலும் பெட்டியைத் திறந்து பார்த்தார். மோட்டார் பெல்ட் ஒரு மயிரிழை தளர்ந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை வீரலட்சுமி டெஸ்டிங் மேசையில் இருந்தாள்.

அந்த மேசையில் எட்டுப் பெண்கள். ஒவ்வொரு செட்டிலும் ஒரு கேசட்டைப் போட்டு, காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போனில் இரண்டு நிமிடம் கேட்டு, நன்றாக இருந்தால் தன் நம்பர் போட்ட சீட்டை ஒட்டி அனுப்ப வேண்டும். ஐந்து வருடத்தில் வீரலட்சுமியின் ஏழாம் நம்பர் சீட்டு ஒட்டிய ஒரு செட்கூடத் திரும்பி வந்ததில்லை. ஊரில் தம்பி தங்கைகளுக்கு நடுவில் ஆளோடு ஆளாகக் கிடந்தவளுக்கு அந்த நம்பரில் ஒரு தனிப் பெருமை.

தொல்லை ஹெட்போனால் வந்தது. பழசாகிப் பஞ்சு அமுங்கிப்போய், கம்மலைக் காதோடு சேர்த்து நசுக்கியது. பின்பக்கத் திருகு கழுத்தில் குத்தும். மத்தியானத்துக்குள் எட்டுப் பேருக்கும் காது மடல் சிவந்துவிடும். தலையில் வைத்த கனகாம்பரம் மேல்பட்டையில் சிக்கித் துவையலாகும். கம்மலும் போடாத, பூவும் வைக்காத இன்ஜினியர்களுக்கு இது எப்படித் தெரியும்? கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் சபீஹாதான் ஒருநாள் பொறுக்க முடியாமல் கோவிந்தன் முன்னால் போய்க் காதைத் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்க சார், மனுசி காது மாதிரியா இருக்குது இது?"

கோவிந்தன் பெங்களூர் போய் இரண்டு மாதிரிகள் வாங்கி வந்தார். ஒன்று அதே பெரிய வகை, புதுசு. இன்னொன்று காதுக்குள் செருகிக்கொள்ளும் இரண்டு பொத்தான்கள், நடுவில் ஒரு ஒயர்.

"எட்டு பேருக்கும் ஒரே மாதிரிதாம்மா வாங்க முடியும். பேசி ஒண்ணு சொல்லுங்க."

பேச என்ன இருக்கிறது? பொத்தான்தான் வேண்டும் என்று எட்டுக் குரலும் எழுந்தது. அதில் உரத்த குரல் வீரலட்சுமியுடையது.

அடுத்த மூன்று வாரமும் டெஸ்டிங் மேசை கல்யாண வீடு மாதிரி இருந்தது. கம்மல் தப்பித்தது, பூ தப்பித்தது. சபீஹா பெட்டியில் பூட்டி வைத்திருந்த ஜிமிக்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

நான்காம் வாரம் பெங்களூர்க் கடைக்காரர் முப்பத்திரண்டு செட்டைத் திருப்பி அனுப்பினார். எல்லாவற்றிலும் ஒரே புகார்: அடியில் 'ஊம்' என்று ஒரு சத்தம். சீட்டுகளைப் பார்த்தார்கள். பதினொன்றில் ஏழாம் நம்பர்.

வீரலட்சுமிக்கு முகம் செத்துப்போயிற்று. ஒரு செட்டை எடுத்துப் பொத்தானைச் செருகிக் கேட்டாள். ஒன்றுமே இல்லை. அலமாரியில் கிடந்த பழைய ஹெட்போனை மாட்டினாள். கிணற்றடியில் வண்டு முரல்வதுபோல் 'ஊம்' தெளிவாகக் கேட்டது. பொத்தானில் அடிச்சத்தம் எடுபடவில்லை. போதாததற்குப் பக்கத்து ஷெட் கம்ப்ரஸரின் இரைச்சல் வேறு உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

நேரே கோவிந்தனிடம் போனாள்.

"சார், பொத்தான் வேணும்னு சத்தம் போட்டது நான்தான். அது தப்பு. பெரிசையே குடுத்துருங்க."

"வாங்கும்போது நானும் யோசிக்கலை. சரி, காது வலிக்கு?"

"அதுக்கு ஒரு வழி பண்ணுதேன்."

வழி ஒன்றும் கைவசம் இல்லை. மேசையில் எல்லோருக்கும் அவள்மேல் கோபம்.

"உனக்கு நம்பர் பெருசு. எங்களுக்குக் காது பெருசு. நீயே மாட்டிக்கக்கா," என்றாள் சபீஹா.

வீட்டில் கருப்பசாமி சுலபமாக ஒன்று சொன்னான். "கம்மலக் கழட்டி வச்சிட்டுப் போயேன்."

"எங்கம்மா போட்டு விட்டது. கம்பெனிக்காக நான் என்னத்துக்குக் கழட்டணும்? நீங்க மீசைய எடுப்பீகளா?"

கருப்பசாமி மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் ஞாயிறு. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு, பழந்துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்துக் குடத்தைத் தூக்கினாள். நாலடி நடந்தவள் நின்றாள். குடத்தைக் கீழே இறக்கி, சும்மாட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாரம் எல்லாம் வளையத்தில். நடுவில் ஒரு குழி. குழிக்குள் எதை வைத்தாலும் நசுங்காது.

வீரலட்சுமி தெருவிலேயே வாய்விட்டுச் சிரித்தாள். பின்னால் குடத்தோடு வந்த கன்னடக்கார மாரம்மா பயந்துபோய், "ஏனாய்த்தும்மா?" என்றாள்.

"காதுக்குச் சும்மாடு, மாரம்மா! காதுக்குச் சும்மாடு!"

மாரம்மாவுக்குப் பயம் கூடியதுதான் மிச்சம்.

அன்றைக்கே பழைய நூல் சேலையைக் கிழித்து, பஞ்சு திணித்து, காது அடங்குகிற அளவில் இரண்டு வளையம் தைத்தாள். திங்களன்று காலையில் அவற்றைப் பெரிய ஹெட்போனில் கட்டி மாட்டினாள். காதும் கம்மலும் குழிக்குள் சுகமாக உட்கார்ந்தன. கம்ப்ரஸர் சத்தமும் முன்னைவிட அடங்கிப்போயிற்று. பிறகு கழற்றி சபீஹாவின் தலையில் மாட்டினாள்.

சபீஹா ஜிமிக்கியை ஆட்டிப் பார்த்தாள். முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தாள், முடியவில்லை.

"தையல் மட்டும் கண்றாவியா இருக்குதுக்கா. கழட்டு, நான் தைக்கிறேன்."

அவள் மெத்தென்ற துணியில், எலாஸ்டிக் வைத்து, கழற்றித் துவைக்கிற மாதிரி தைத்துக் கொண்டுவந்தாள். இரண்டாம் ஷிப்டுக்காரிகளும் அதே ஹெட்போனைத்தான் மாட்டுவார்கள் என்பதால் ஆளுக்கு ஒரு ஜோடி. கோவிந்தன் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதென்னம்மா, உளுந்து வடை?"

அன்றிலிருந்து கம்பெனி முழுக்க அதற்கு வடை என்றே பெயர். 'என் வடையை யாருடி எடுத்தது?' என்ற சண்டை தினமும் நடந்தது. பூவுக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. எட்டுப் பேரும் பூவைப் பின்னலின் நுனியில் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் ஒரு புகாரும் இல்லை. பிறகு பெங்களூர்க் கடைக்காரர் ஆஞ்சப்பன் மறுபடி போன் செய்தார், ஒரு செட் பாட்டை இழுக்கிறதென்று. அதிலும் ஏழாம் நம்பர். கோவிந்தன் கம்பெனி வேனில் வீரலட்சுமியையும் சபீஹாவையும் ஏற்றிக்கொண்டு நேரிலேயே போனார்.

ஆஞ்சப்பன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்துவிட்டு, "இவரேனா?" என்றார், இவளா அந்த ஏழாம் நம்பர் என்பதுபோல். வீரலட்சுமி வடை கட்டிய ஹெட்போனைப் பையிலிருந்து எடுத்து மாட்டினாள். கேட்டாள். கேசட்டை எடுத்து, தான் கொண்டுபோனதைப் போட்டுக் கேட்டாள்.

"செட்டு நல்லாருக்கு அண்ணாச்சி. உங்க கேசட்டுதான் வெயில்ல கெடந்து நெளிஞ்சிருக்கு."

கோவிந்தன் கன்னடத்தில் சொன்னார். ஆஞ்சப்பன் நம்பாமல் தானே மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு கடை அலமாரியிலிருந்து மேலும் ஆறு கேசட்டுகளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அதில் இரண்டு கெட்டதென்று ஒதுக்கினாள். அவர் வெயில் விழும் ஜன்னலைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். ஆள் அனுப்பி எல்லோருக்கும் மசாலா தோசையும் காபியும் வரவழைத்தார்.

"தோசை இன்னொண்ணு கேக்கவாக்கா?" என்று சபீஹா காதோடு கேட்டாள்.

"கேளு. எனக்கும் சேத்துக் கேளு," என்றாள் வீரலட்சுமி.