கடிபடுகிற உத்தியோகம்

எங்கள் உத்தியோகத்தில் முழுக்கை ரவிக்கைதான் சீருடை. வெயில் கொளுத்துகிற காஞ்சிபுரத்தில் ஒருத்தி மணிக்கட்டு வரை துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தால், ஒன்று அவளுக்கு நாகரிகம் முற்றிவிட்டது, இல்லை அவள் வீட்டில் கடிக்கிற ஆள் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருந்தால் இதைப் படிக்கும்போதே முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொள்வீர்கள். வெட்கப்படாதீர்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி.

என் பெயர் பாக்கியம், வயது பதினாறு. அண்ணன் ஏகாம்பரத்துக்குப் பத்தொன்பது. அவனுக்குப் பேச்சு வராது. கோபம் வந்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான், தடுக்கப் போனவர்களைக் கடிப்பான். அவனைப் பார்த்துக்கொள்வதற்காக என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அங்கே நான் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. எனக்கு வந்த ஒரே படிப்பு அடுத்தவர் குரலைத் திருடுவது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர், ரேஷன் கடைக்காரர், கோயில் ஓதுவார், யாரைக் கேட்டாலும் கொடுப்பேன். பால்காரர் குரலில் கூவி எதிர்வீட்டு அக்காவைச் சொம்போடு வாசலுக்கு வரவழைத்திருக்கிறேன். பாலுக்குப் பதில் எனக்கு அன்றைக்குக் கிடைத்ததைச் சொல்ல மாட்டேன்.

மாகறல் பஸ்

அம்மாவுக்கு மாகறல் கோயிலில் ஒரு வேண்டுதல். அண்ணனை நடுவில் உட்காரவைத்து, நானும் அம்மாவும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். பாதி வழியில் பஸ் ஒரு இடத்தில் நின்றபோது அவன் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை இடிக்க ஆரம்பித்தான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் அப்படியே நின்றார். கண்டக்டர் குரலில் ஏதாவது சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

எதிரில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "யாரும்மா இந்தப் புள்ள?" என்று கேட்டாள். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பக்கத்து வூட்டுப் புள்ளமா, தொணைக்கு வந்துக்கினு இருக்கேன்" என்றாள். அம்மாவின் குரல் கேட்டதும் அண்ணன் இடிப்பதை விட்டுவிட்டு அவள் தோளில் தலையைச் சாய்த்தான். நான் தரையில் கிடந்த டிக்கெட்டுகளைப் பார்த்தேன். கூடைக்கார அம்மாள் அவனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பக்கத்து வூட்டுப் புள்ளையா? மூக்கு அப்படியே உன்னுதா இருக்குதேமா."

முன்னாடி என்ன, பின்னாடி என்ன

மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து சரோஜா டீச்சர் என்று ஒருவர் சனிக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். இந்த மாதிரிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போய்ப் பழக்கம் சொல்லித் தருவது அவர் வேலை. ஊசி, மருந்து ஏதாவது தருவார் என்று அம்மா சாமி விளக்கை ஏற்றிவைத்துக் காத்திருந்தாள். டீச்சர் பாயில் உட்கார்ந்து இரண்டே கேள்விதான் கேட்டார். அவன் முட்டிக்கொள்வதற்கு முன்னாடி என்ன நடந்தது? பின்னாடி நீங்கள் என்ன செய்தீர்கள்?

ஆளுக்கு ஒன்று சொன்னோம். "ஒண்ணுமே நடக்கலமா, சும்மாத்தான் இருந்தான்" என்றாள் அம்மா. "கெரகம்" என்றார் நைனா. எங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். டீச்சர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் அவர் குரலை எடுத்து, "முன்னாடி என்ன? பின்னாடி என்ன? நடுவுல என்ன?" என்று இழுத்தேன். நைனாவே சிரித்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் டீச்சர் டம்ளரோடு வாசற்படியில் நிற்கிறார். எனக்குக் காது மடல் வரை சுட்டது.

அவர் கோபப்படவில்லை. இனிமேல் எது நடந்தாலும், அந்த நேரத்தில் யார் யார் என்ன சொன்னார்கள் என்பதை அதே குரலில் சனிக்கிழமை எனக்கு நடித்துக் காட்டு என்றார். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. நியமனத்தோடு கூடவே ஒரு திருத்தமும் வந்தது:

"நல்லாத்தான் பண்றே. ஆனா நான் மூக்கால பேசறதில்லை."

கோவிந்தசாமி மாமாவின் பாவு

விடிந்ததும் எங்கள் நெசவுத் தெருவில் பாவை, அதாவது தறியில் ஏற்றப்போகிற பட்டு இழைகளை, நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்துவார்கள். ஒரு நெசவாளியின் பல நாள் சோறு அந்த இழைகளில் நீண்டு கிடக்கும். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி மாமாவின் பாவு. தூறல் விழுந்ததும் சுருட்டி உள்ளே கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் மாமா வானத்தைப் பார்த்து, "நின்னுச்சு, நின்னுச்சு! எடுத்துக்கினு வாங்கப்பா!" என்று கத்தினார். பாவு மறுபடி தெருவுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்குள்ளிருந்து அண்ணனும் வந்தான், அம்பு மாதிரி.

நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள். அவன் கடித்தான். அவர்கள் அடித்தார்கள். அத்தனை பேரும் சேர்ந்து பாவின் மேல் விழுந்தார்கள். மெரூன் நிறப் பட்டு சேற்றில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. மாமாவின் மனைவி அதை மடியில் அள்ளி வைத்துக்கொண்டு அழுத அழுகையை நான் இன்றுவரை யாருக்கும் நடித்துக் காட்டியதில்லை.

தெருப் பெரியவர்கள் கூடினார்கள். தூரத்தில் ஒரு ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம். இன்னொரு பாவு போனால் ஏகாம்பரத்தை அங்கே விட்டுவிட வேண்டும் என்றார்கள். நைனா தலையைக் குனிந்து "சரி" என்றார். நைனாவோடு ஒரே அடுப்பில் காபி குடித்து வளர்ந்த கோவிந்தசாமி மாமா, கிளம்பும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"புள்ள உன்னுதுதாண்ணே. பாவு என்னுது."

சனிக்கிழமை நாடகம்

டீச்சர் வந்ததும் நடித்தேன். தூறலுக்கு விரலைச் சொடுக்கினேன். மாமாவின் கரகரத்த தொண்டையில், "நின்னுச்சு, நின்னுச்சு!" என்றேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்தான். அம்மா பிடிக்கப் போனாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அண்ணன் நேராக நைனாவின் தறிக்குப் போனான். எதையும் பிய்க்கவில்லை. குனிந்து, விரல் நுனியால் இழைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனான். எதையோ தேடினான். கிடைக்காமல் நைனாவைப் பார்த்தான்.

நைனா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு டீச்சருக்கு விஷயத்தைச் சொன்னார். முகூர்த்தப் புடவை நெய்கிறவர் வாயால் 'அறுந்தது' என்று சொல்லக்கூடாது என்பது அவர் கட்டுப்பாடு. அதனால் தறியில் இழை அறுந்தால் எங்கள் வீட்டில் மட்டும் "நின்னுச்சு" என்போம். சின்னப் பையனாக இருந்தபோது அண்ணன் அதைக் கேட்டதும் ஓடிவந்து அறுந்த நுனியைத் தேடி எடுத்துக் கொடுப்பான். வளர்ந்து, முரடனாகி, தறிப்பக்கம் வரக்கூடாது என்று ஆன பிறகு அந்தப் பழக்கத்தை நாங்கள் மறந்துவிட்டோம். அவன் மறக்கவில்லை. தெருவில் மழை நின்றாலும், பஸ் நின்றாலும், குழாயில் தண்ணீர் நின்றாலும், யாராவது அந்தச் சொல்லைச் சொன்னதும் அவனுக்கு எங்கேயோ ஒரு இழை அறுந்திருக்கிறது. தேட ஓடுகிறான். எல்லாரும் சேர்ந்து பிடித்து அமுக்குகிறோம். அவன் கடிக்கிறான்.

அந்தச் சொல்லை எத்தனை பேர் குரலில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்! ஒரு தடவைகூட அதைக் காதால் கேட்டதில்லை. டீச்சர் மெதுவாகச் சொன்னார்:

"இத்தனை வருஷமா வேலைக்குக் கூப்பிட்டுட்டு, வந்தவனை அடிச்சிருக்கீங்க."

தெரு படித்த பாடம்

டீச்சர் இரண்டு வேலை கொடுத்தார். மழை விட்டால் தெருவில் யாரும் "நின்னுச்சு" என்று சொல்லக்கூடாது, "வெறிச்சிடுச்சு" என்று சொல்ல வேண்டும். அவன் ஓடிவந்தாலும் யாரும் கை வைக்கக்கூடாது. பெற்ற பிள்ளையைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசாத நைனா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசல் வாசலாகப் போய் இதைச் சொன்னார். நானும் கூடப் போனேன். சிலர் சிரித்தார்கள். ஒருத்தர், "புள்ளைக்காக தமிழையே மாத்தணுமா?" என்று கேட்டார். நைனா அவரையும் கும்பிட்டார். அப்படிக் கேட்டவரின் குரல் எனக்கு உடனே வந்துவிட்டது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

சில தூறல்கள் "வெறிச்சிடுச்சு" என்று ஒழுங்காகப் போயின. அண்ணன் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு ஒரு காலை கோவிந்தசாமி மாமாவின் புதுப் பாவு தெருவில் கிடந்தபோது, மாமாவே பழைய பழக்கத்தில், "நின்னுச்சுப்பா!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணன் வந்துவிட்டான். நாலு பேர் பாய்ந்தார்கள். "யாரும் புடிக்காதீங்க!" என்றார் நைனா. அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. நின்றுவிட்டார்கள்.

அண்ணன் ஈரப் பாவில் விரல் வைத்தான். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக நடந்தான். மாமா கூடவே நடந்தார், கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு. நைனா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கடைசி இழை வரை பார்த்துவிட்டு, அண்ணன் மாமாவுக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அறுந்தது ஒன்றும் இல்லையாம். மாமா அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு, தறி வேலைக்கு வருகிற எந்த ஆளிடமும் பேசுவது போலப் பேசினார்:

"இல்லையா? சரிப்பா, நல்லாத்தான் பாத்தே. போயி உக்காரு."

சங்கிலிப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை; அண்ணன் இன்னும் எப்போதாவது கடிக்கத்தான் செய்கிறான், ஆனால் கடிபட்டவர்கள் இப்போதெல்லாம் கையைத் தடவுவதற்கு முன்னால் தங்கள் வாயிலிருந்து என்ன வந்தது என்று யோசித்துப் பார்க்கிறார்கள்.