பத்து நிமிடம் என்று சொன்னது

ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லைச் சண்டை நடந்த வருடங்களில் சித்தூரில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தேன். படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. திருப்பதியில் எச்சில் இலை எடுத்து, பாகாலாவில் மூட்டை தூக்கி, எதிலும் நிலைக்காமல் அங்கே வந்து சேர்ந்தவன்.

மாடு முட்டி ஈரல் கிழிந்து வருகிறவர்களைக் காப்பாற்ற ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார் டாக்டர். ஈரலுக்குப் போகும் ரத்தத்தை இடுக்கியால் நிறுத்தினால் தைத்துவிடலாம். ஆனால் குடலின் ரத்தம் ஈரல் வழியாகத்தான் திரும்ப வேண்டும். வழி அடைத்தால் அது குடலிலேயே தேங்கி, குடல் கெட்டுப்போகும். அதனால் பத்து நிமிடம் பிடித்து, ஐந்து நிமிடம் விடுவார். பின்கொட்டகையில் மூன்று நாய்களுக்கு இப்படிச் செய்தார். மூன்றும் எழுந்து நடந்தன.

கடிகாரம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நேரம் சொல்வது என் வேலை.

"ஊர் ஊரா ஓடறவன்டா நீ. பத்து நிமிசம் ஒரே எடத்துல நிப்பியா?" என்று சிரித்தார்.

"நிப்பேன் சார்."

நான்காவது நாய்க்குப் பதினோரு மணிக்கு இடுக்கி போட்டார். தெருவில் ஊர்வலம் வந்தது. என் ஊரான நகரிப் பக்கம் எந்த மாநிலத்துக்குப் போகும் என்று கத்திக்கொண்டு போனார்கள். வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது பெரிய முள் நாலில் இருந்தது.

"எத்தினி ஆச்சு?"

"பத்து சார்."

இடுக்கியை எடுத்தார். குடல் நாவல்பழம் போலக் கறுத்திருந்தது.

"சரியா பாத்தியா?"

"பாத்துக்கினேதான் இருந்தேன் சார்."

சாயங்காலம் நாய் செத்தது. பத்து நிமிடத்துக்கே குடல் தாங்கவில்லை என்று நோட்டில் எழுதினார். புதைத்தது நான்தான்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கொம்பு குத்திய ஒருவனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அவன் பெண்சாதி டாக்டர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கயே அறுத்துடு சாமி. வேலூர் வரைக்கும் தாங்க மாட்டாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அந்த நாய்க் கொடலப் பாத்த இல்ல? எப்டிடா கை வைக்கறது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வேலை போய்விடும் என்று நினைத்தேன். எத்தனையோ வேலைகளை நானே விட்டு ஓடியவன்.

"ஆமா சார், பாத்தேன்" என்றேன்.

கட்டிலின் ஒரு காலைப் பிடித்து வேலூர் போகும் லாரியில் ஏற்றிவிட்டேன். அந்தப் பெண் என்னை "நல்லா இரு நைனா" என்றாள்.