முதிரை வேலி

நமசிவாயத்தைப் போல நல்ல தச்சனும் இல்லை, அவரைப் போல விசரனும் இல்லை. மானிப்பாயில் யாரைக் கேட்டாலும் இரண்டையும் சொல்வார்கள். அது தெரிந்தும் என் புது வீட்டு நிலையையும் கதவையும் அவரிடம் ஒப்படைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மரம் வாங்குவதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. என்னையும் வன்னிக்கு இழுத்துக்கொண்டு போய், மரக்காலையில் முதிரைக் குற்றிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, மரக்காலைக்காரனை அரை நாள் ஏசித்தான் எடுத்தார். அரிந்த பலகைகளின் முனைகளுக்குப் பெயின்ற் பூசி, காற்றோட இடையிடையே மெல்லிய ரீப்பைச் சட்டம் வைத்து, பட்டறைக்குப் பின்னால் வேலியோரம் அடுக்கினார். பக்கத்து வளவு வேம்பின் நிழல் அங்கே நாள் முழுக்க விழும்.

"பச்சை மரம். ஒரு வருஷம் நிழலிலை கிடக்க வேணும். வெயில் பட்டால் வெடிச்சுப்போம்," என்றார்.

வேம்பு ஜெயகௌரியுடையது. அவளுக்கும் அவருக்கும் பத்து வருஷமாக எல்லைச் சண்டை. வேலி அடைக்கும்போதெல்லாம் மற்றவர் கதியால் தடிகளைத் தள்ளி நட்டதாக இருவரும் கத்துவார்கள். மாசியில் ஒருநாள் அவள் ஆள் பிடித்து வேம்பை அடியோடு தறித்தாள்.

"என்ரை மரத்தின்ரை நிழல் உவருக்கு எதுக்கு?" என்று ஒழுங்கைச் சனமெல்லாம் கேட்கக் கத்தினாளாம்.

அடுக்கில் நேர் வெயில். நான் ஓடிப்போனேன்.

"அண்ணை, உள்ளுக்கை ஏத்துவம். நானும் தூக்கிறன்."

"எடுத்தால் நாளைக்கே உவள் கதியாலை இஞ்சாலை நட்டிடுவாள். அடுக்குக் கிடக்கிற இடம் என்ரை இடம்."

"அப்ப கிடுகாவது போட்டு மூடுவம்."

"நான் பயந்திட்டன் எண்டு நினைப்பாள். போம் ஐசே!"

சித்திரை வெயில் எரித்தது. வைகாசியில் நிலை வைக்க நாள் பார்த்திருந்தோம். அதற்குள் ஒரு பலகை உருப்படியாக மிஞ்சவில்லை. ஐயர் குறித்த நேரத்தில் என் வாசலில் கடையில் வாங்கிய இரும்பு நிலை நின்றது. மனைவி அதற்குச் சந்தனப் பொட்டு வைக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கவே பட்டறைக்குப் போனேன். நமசிவாயம் வெடித்த பலகைகளைப் பிளந்து எல்லையில் வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார். என் காசில் வாங்கிய முதிரையில் வேலி! அந்தப் பக்கம் ஜெயகௌரி குனிந்து விரலால் அளந்தாள்.

"நாலு விரல் என்ரை பக்கம் வந்திட்டுது. பிடுங்குங்கோ!"

நமசிவாயம் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் சாட்சி. சொல்லும், வேலி நேர்தானே?"

வேலி நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அந்த மனிதரின் கையில் கோணல் வராது.

"கோணல்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.