சில்லில் ஒட்டிய செம்மண்

எங்கள் வீட்டில் அப்பாவை நம்பாதவர்கள் இருவர். ஒருவர் அம்மா, மற்றவள் நான். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. சந்தேகம் அம்மாவுக்குத்தான் முதலில் வந்தது. ஆனால் அதைத் தண்ணீர் ஊற்றி வளர்த்ததில் என் பங்கு சின்னதல்ல.

அப்பா ஊர்காவற்றுறையில் ஹயர் கார் ஓடினார். பழைய கறுப்புக் கார், அவருடைய சொந்தக் கார். துறையடியில் நிறுத்தி வைத்தால் பிள்ளைப்பேற்றுக்கு, கலியாணத்துக்கு, பெரியாஸ்பத்திரிக்கு என்று ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். 'அவருக்கு முதலாளியும் அவர்தான், வேலைக்காரனும் அவர்தான்' என்று அம்மா தன் தமையனுக்கு முன்னால் அடிக்கடி சொல்லிக்கொள்வார். எழுபதுகளின் நடுவில் பெற்றோல் விலை ஏறியது. ஊரெல்லாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகத் தொடங்கியது. அப்பா மட்டும் வழக்கம்போலக் காலையில் வெள்ளைச் சேட்டை மாட்டிக்கொண்டு காரில் புறப்பட்டார், பொழுதுபடத் திரும்பினார். காசு மட்டும் வழக்கம்போல வரவில்லை.

முதலில் குசினியில் மீன் குறைந்தது. பிறகு அம்மாவின் கையில் காப்புக் குறைந்தது. கேட்டால், "வரும், வரும்" என்பார் அப்பா.

எங்கள் தீவில் மண் வெளிறிய மணல். பண்ணைப் பாலம் தாண்டி, யாழ்ப்பாணமும் தாண்டிச் சுன்னாகம் பக்கம் போனால்தான் செம்மண். ஆகவே ஹயர்காரன் பெண்சாதிக்குப் புருஷன் போன இடத்தை அறிய வாய் திறக்கவேண்டியதில்லை, காரின் நாலு சில்லிலும் ஒட்டிய மண்ணைப் பார்த்தால் போதும். அம்மா ஒவ்வொரு பின்னேரமும் படலையைத் திறக்கும் சாட்டில் சில்லைத்தான் பார்ப்பார். பல நாட்களாக அதில் வெள்ளை மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. அம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஒருநாள் கார் சிவந்த சில்லோடு வந்து நின்றது. அம்மா அன்றைக்குப் பாடாத குறையாகப் புட்டு அவித்தார். அடுத்த நாளும் செம்மண். அதற்கடுத்த நாளும் செம்மண். ஆனால் காசு வரவில்லை.

அம்மா கணக்கில் பிழை விடாதவர். ஒவ்வொரு நாளும் தூர ஓட்டம் போகிற மனிதன் ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு வந்தால், அந்தக் காசை வாங்கி வைக்க அங்கே ஒரு கை இருக்கவேண்டும். அது வளையல் போட்ட கையாகத்தான் இருக்கவேண்டும்.

அதிலிருந்து அம்மா அப்பாவின் சேட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தோய்க்கப் போட்டார். நானும் முகர்ந்தேன். வியர்வையைத் தவிர ஒன்றும் மணக்கவில்லை. விடுவேனா? அப்பா கிணற்றடியில் குளிக்கும் நேரம் பார்த்துக் காரின் டிக்கியைத் திறந்தேன். மாற்றுச் சில்லுக்குப் பின்னால் ஒரு பால்மாத் தகரப் பேணி. அதற்குள் குழைத்த செம்மண், ஈரம் காயாமல். கூடவே ஒரு தும்புக்கட்டை, தும்பெல்லாம் செம்மண் அப்பியபடி.

அந்தப் பெண் அப்பாவை மயக்க மந்திரித்துக் கொடுத்த மண் இதுதான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. தொட்டால் என்னையும் பிடித்துவிடும் என்று சத்தமில்லாமல் மூடிவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வேலணையிலிருந்து மாமா வந்தார். அம்மாதான் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் உடுப்புகள் ஏற்கனவே பெட்டிக்குள் இருந்தன. அப்பா வந்து இறங்கியதும் மாமா கதிரையிலிருந்து எழும்பாமலே கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் சுன்னாகம் போறீர். காசு எங்கை போகுது?"

அப்பா கார்ச் சாவியைச் சேட்டுப் பைக்குள் போட்டார்.

"அங்கை ஒருத்தி இருக்கிறாள் எண்டு தங்கச்சி சொல்லுறாள். இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லும். நான் இப்பவே எழும்பிப் போறன்."

இல்லை என்ற ஒரு சொல் போதும். வீடு வீடாகவே இருந்திருக்கும். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்வதைவிடக் கெட்டவனாக நிற்பது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. 'வேலை போய்விட்டது' என்று சொல்ல, அவருக்கு வேலை தந்தவர் என்று எவருமில்லை. எவரும் நிறுத்தவுமில்லை. கார் நிற்கிறது, ஆட்கள் வரவில்லை, அவ்வளவுதான்.

"பெட்டியைத் தூக்கு, தங்கச்சி" என்றார் மாமா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் டிக்கியைத் திறந்து, பேணியை என் சட்டை விளிம்பால் பிடித்துக்கொண்டு வந்து நடுவில் வைத்தேன்.

"அப்பாவிலை பிழையில்லை. அந்த மனுசி மந்திரிச்ச மண் இது. அப்பா ஒளிச்சு வைச்சிருக்கிறார்!"

அம்மா பேணியைப் பார்த்தார். பிறகு சில்லைப் பார்த்தார். முற்றத்தில் இறங்கிச் சில்லில் விரலை வைத்து இழுத்தார். பூசிய மண் ஒரு பக்கம் இன்னும் காயவில்லை. அது போன மாரியில் பூச்சாடிகளுக்கென்று அம்மா கேட்டு, அப்பா சாக்கில் கொண்டுவந்த மண். கொட்டிலுக்குள் அந்தச் சாக்குக் குறைந்துகொண்டு வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

"ஓட்டம் இல்லை" என்றார் அப்பா, மண்ணைப் பார்த்துக்கொண்டு. "துறையடியிலை சும்மா நிண்டால் ஊரே பாக்குது. இங்கை சுருவில் பக்கம் பனங்கூடலுக்குள்ளை காரை நிப்பாட்டிப்போட்டுக் கிடந்தனான்."

மாமா தொண்டையைச் செருமினார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் குடையைத் தேடினார். குடை அவர் கையிலேயே இருந்தது. தேநீர் குடிக்கச் சொல்லியும் நிற்கவில்லை.

அம்மா பெட்டியைத் திறந்து உடுப்புகளை அலுமாரிக்குள் திரும்ப அடுக்கினார். நான் பக்கத்தில் நின்று, யாராவது என்னைக் கெட்டிக்காரி என்று சொல்வார்கள் எனக் காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. அடுக்கி முடித்ததும் அம்மா குசினிக்குள் போய் அடுப்படியில் குந்தி, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்த நாட்களில் அம்மா கத்தினார், சபித்தார், சட்டியை நிலத்தில் அடித்தார். ஒருநாளும் இப்படி அழவில்லை.

"அந்த மனுசி அப்பாவை விடமாட்டாவோ அம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உன்ரை அப்பா ஒருத்தியிட்டையும் போகேல்லைப் பிள்ளை. அந்த மனுசன் ஒரு இடத்துக்கும் போகேல்லை" என்று சொல்லிவிட்டு இன்னும் கூடுதலாக அழுதார்.

நல்ல செய்திதானே, இதற்கேன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.