எஸ்தர் அக்கா கொண்டுவந்த குடம்

எழுபதுகளில் செம்பாக்கத்துக்கு நாங்கள் குடிவந்த முதல் கோடை அது. மூன்று குடித்தனத்துக்கும் பொதுவான கிணற்றில் விடியற்காலையில் ஊறும் தண்ணீரைத்தான் பங்கிட்டுக்கொள்வோம்.

அன்று மதியம் என் ஒரு வயது மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. நெற்றியில் ஈரத்துணி போடலாமென்று பார்த்தால் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காலையிலேயே துணி துவைத்துத் தீர்த்திருந்தேன். கணவர் வேலையிலிருந்து திரும்பவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அறைக்குமாக அலைந்தேன்.

அழுகைச் சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா நிறைகுடத்தோடு வந்தார்.

“இந்தா, துணிய நனைச்சிப் போடு.”

“உங்களுக்கும் அதே பங்குதானேக்கா? எப்படி மிச்சமாச்சு?”

“அரிசி களைஞ்ச தண்ணியிலதான் பாத்திரம் வெளக்குறேன். அது அப்படியே வாழைக்குப் போவுது. அதெல்லாம் அப்புறம் பேசலாம், மொதல்ல புள்ளையப் பாரு!”

சாயங்காலம் காய்ச்சல் தணிந்து, மகள் பாலுக்கு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் எஸ்தர் அக்காவும் சிரித்துவிட்டோம்.

மறுநாளே துவைக்கும் கல்லருகே ஓர் அண்டா வைத்து, அலசிய தண்ணீரைப் பிடிக்கத் தொடங்கினேன். இப்போது வீட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனாலும் எங்காவது குழாய் சொட்டும் சத்தம் கேட்டால் என்னால் உட்கார முடிவதில்லை. எழுந்துபோய் மூடிவிட்டு வந்தால்தான் மனம் அடங்குகிறது.