நட்ட நடுவில் ஒரு பொட்டு

கரூர் பஸ் வெள்ளகோவிலில் பஞ்சர். நான் ஓவிய வாத்தியார். கையில், அட்டையில் ஒட்டிய ஓர் அமெரிக்க ஓவியம். நாளைக்குக் கரூரில் இதை வைத்துத்தான் கோடு, வடிவம், வண்ணம், சமநிலை என்று வகுப்பெடுக்க வேண்டும். வேறு பிரதி கிடையாது. படத்தில் வெயிலடிக்கும் வெறுந்தெரு. பார்ப்பவர் கண் ஓரிடத்தில் நிற்காமல் அலையட்டும் என்றே அந்த ஓவியர் நடுவைக் காலியாக விட்டிருக்கிறார்.

"டீ பட்டுருமுங்க, இங்க குடுங்க" என்று டீக்கடைக்கார அக்கா அதை வாங்கி, சாமி படங்களோடு வைக்கிறார். பக்கத்து எஸ்டிடி பூத்தில் கரூருக்குப் பேசிவிட்டு வருகிறேன். படத்தில், தெரு நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"என்னங்கக்கா இப்படிப் பண்ணிட்டீங்க!"

"வெள்ளிக்கெழமைங்க. எல்லாப் படத்துக்கும் வெச்சனுங்க. இதை மட்டும் உட்டா நல்லா இருக்குமுங்களா?"

ஈரத்துணியால் துடைக்கிறேன். பொட்டு போகவில்லை, தெருவே சிவக்கிறது.

"கோணலா வெக்கலீங்க. நட்ட நடுவுலதானுங்க வெச்சிருக்கறேன்" என்று என்னைத் தேற்றுகிறார்.

பஸ் கிளம்பிவிட்டது. படம் மடியில். ஓரத்து நிழலைப் பார்க்கப் பார்க்கிறேன், வானத்தைப் பார்க்கப் பார்க்கிறேன். பாழாய்ப்போன கண் அந்தப் பொட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறது.